இன்னும் டூட்டியில் இருக்கும் அக்காவுக்கு

என் பாண்டியம்மா அக்காவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்க வழியில்லை. நீ போய், முதல் திதியும் கொடுத்தாயிற்று. ஆனால் டூட்டி எப்படிப் போகிறது என்று கேட்கலாம் போலிருக்கிறது. நீ நர்ஸாக இருந்த நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் இன்னும் நீதான் வேலை பார்க்கிறாயாம். வாசல் பலகையில் எழுதியிருக்கிறார்கள்.

போன வாரம் கப்பலூர் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, செல்வியைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். என் மகளுக்கு, உன் செல்லத்துக்கு, இது ஒன்பதாம் மாதம். புதுக் கட்டடத்தை நீ பார்க்கவில்லையே. திறப்பு விழா இனிமேல்தான், அதற்குள் கீழே மட்டும் ஆட்களைப் பார்க்கிறார்கள். தரையெல்லாம் கிரானைட், வாசலில் கண்ணாடிக் கதவு, முப்பது படுக்கை வசதி என்று ஆள் உயர ஃபிளெக்ஸ். மாடியில் கட்டில்கள் வரிசையாகக் கிடக்கின்றன, மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பிரிக்க ஆள் வேண்டுமே. பிரசவ அறைக்குப் பூட்டு.

இருப்பது ஒரே ஒரு நர்ஸ். ஒப்பந்தத்தில் வந்த பெண், செல்வி வயதுதான் இருக்கும். பாதி நாள் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியையும் அவள்தான் பார்க்கிறாள். செல்வியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னாள்: "அம்மா, ராத்திரி வலி வந்தா இங்க வராதீக. யாரும் இருக்க மாட்டோம். நேரா மதுரைக்குப் போயிருங்க."

நம் தெரு ராணியின் மருமகள் அப்படித்தான் ராத்திரியில் மதுரைக்குக் கிளம்பினாள். வழியில் திருநகர் தாண்டுவதற்குள் வண்டியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது அவள் செய்த புண்ணியம்.

வெளியே வரும்போதுதான், பழைய கட்டடத்திலிருந்து கழற்றி வந்து மாட்டியிருக்கும் பலகையைப் பார்த்தேன். 'செவிலியர்: பாண்டியம்மாள்.' உள்ளே போய் உன்னைத் தேடலாமா என்று இருந்தது அக்கா. "கத்தாதடி கழுத, பிள்ள பயந்துரும்" என்று பிரசவ வலியில் கத்துகிறவளை அதட்டுவாயே, அந்தக் குரல் கேட்குமா என்று நின்றேன். செல்வி அழுதேவிட்டாள். "பெரியம்மா இருந்தா எனக்கு என்னம்மா பயம்?" என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஆபீஸ் அறையில் கிளார்க் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்.

"எங்கக்கா செத்துப்போச்சு சார். பலகைல இன்னும் பேரு கெடக்கு."

அந்த மகராசன் தலையைத் தூக்கவில்லை. "தெரியும்மா. பேர அழிச்சா எடம் காலின்னு தெரிஞ்சுரும். திறப்பு விழாவுக்குப் பெரியவுக வாராக. நல்லாவா இருக்கும்?"

"அப்ப ஆளப் போட வேண்டியதுதான?"

"அது மேலிடத்து விசயம். பேரு இருந்துட்டுப் போகட்டுமே, உங்களுக்குப் பெருமைதான?"

பெருமையாம். இன்னொரு நர்ஸ் போடுங்கள் என்று நீ கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாய். ரெண்டு ஆள் வேலையை ஒருத்தியாகப் பார்த்து, நெஞ்சுவலியை வாய்வு என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தாய். இப்போது செத்தவளையும் விடவில்லை. சம்பளம் வாங்காமல், லீவு கேட்காமல், எதிர்த்துப் பேசாமல் இருக்கிற நர்ஸ் இவர்களுக்கு வேறு எங்கே கிடைப்பாள்? கட்டில் வாங்கத் தெரிந்த புண்ணியவான்களுக்கு, கட்டில் பக்கத்தில் ஒரு மனுஷி நிற்க வேண்டும் என்று தெரியாதா? தெரியும். மனுஷிக்கு ரிப்பன் கட்டித் திறக்க முடியாதே.

அங்கேயே முந்தானையை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஆயில் பெயிண்ட், அசையவில்லை. இவர்கள் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான் போலிருக்கிறது.

செல்வியை நாளைக்கே தல்லாகுளத்தில் நம் சின்ன மாமா வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன். வலி வந்தால் பெரிய ஆஸ்பத்திரி பக்கம். மதுரையில் மாமா வீடு இல்லாதவள் எங்கே போவாள் அக்கா?

திறப்பு விழா அன்று நான் வருவேன். ஒரு கையில் பெயிண்டைக் கரைக்கிற டர்பன்டைனில் நனைத்த துணி, இன்னொரு கையில் சிவப்புப் பெயிண்ட். அவர்கள் ரிப்பன் வெட்டும்போது, அத்தனை பேர் முன்னாலும் உன் பேரை அழிப்பேன். அந்த இடத்தில் 'ஆள் இல்லை' என்று எழுதுவேன். இது சத்தியம். கோபித்துக்கொள்ளாதே. உன் டூட்டி எப்போதோ முடிந்துவிட்டது. நீ வீட்டுக்கு வா அக்கா.

உன் பேரை என் கையாலேயே அழிக்கப்போகிற
உன் தங்கச்சி,
வசந்தா