புரொப்பல்லரும் மச்சானின் மீசையும்

அன்புமிக்க என் கோபக்காரருக்கு,

இங்கே நான், நம் மகள், என் தம்பி, அவன் மீசை எல்லோரும் சௌக்கியம். மீசைக்கு மட்டும் ஆயுசு கொஞ்சம்தான். விவரம் சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

பழைய சாமான் கடையில் நீங்கள் வாங்கி வந்து, நடுவில் கடிகாரம் பதித்துக் கூடத்தில் மாட்டிய மரப் புரொப்பல்லரைப் பார்த்து, ஏதோ ஆலையில ஓடின காத்தாடி, அத்தான் நல்லா ஏமாந்துட்டார் என்று தம்பி சிரித்தானே. பித்தளைத் தகடு போட்ட நுனியில் இருந்த பொடி ஓட்டைகளைக் காட்டி, எவனோ ஆணி அடிச்சுப் பழகியிருக்கான் என்றான். இது விமானத்துல பறந்திருந்தா மீசையை எடுத்துடறேன் என்று சபதம் வேறு. நீங்களும் சளைத்தவரா? அது நிரூபணமாகும்வரை இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று கப்பல் வேலைக்குப் போனவர், லீவு கிடைத்தும் வரவில்லை. இரண்டு வீம்புக்காரர்களுக்கு நடுவில் நான் திண்டாடினேன். பொறுத்துப் பார்த்துவிட்டு, விமான அருங்காட்சியகத்தில் புரொப்பல்லர்களை ஆராயும் அம்மாளைக் கையோடு அழைத்து வந்துவிட்டேன்.

நடுவில் இந்தக் கடிகாரத்தைப் பதித்த புண்ணியவான் யார் என்றுதான் அவர் முதலில் கேட்டார். நான் விட்டத்தைப் பார்த்தேன். கழற்றினால், அடியில் மரத்திலேயே அழுத்திப் பதித்த எழுத்துகள்! எஞ்சினின் குதிரைசக்தி, புரொப்பல்லரின் விட்டம், வரைபட எண், எல்லாம் இருக்கின்றன. மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை வைத்த பழைய பயிற்சி விமானத்துடையதாம். உங்கள் கட்சிச் சாட்சியை நீங்களே மூடி வைத்துவிட்டு எங்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறீர்கள். உங்களை என்னதான் செய்வது!

தம்பி விடுவானா? கிடங்குலேயே கிடந்திருக்கலாமே என்றான். எஞ்சினின் இரும்புத் தட்டு மரத்தில் அழுந்திய தடத்தையும், தரையிலிருந்து தெறித்த கற்கள் தகட்டில் போட்ட சொட்டைகளையும் அம்மாள் காட்டினார். நல்லா பறந்து உழைச்சதுப்பா என்றார். அந்தப் பொடி ஓட்டைகள்கூட, சுழலும்போது உள்ளே ஊறிய ஈரம் வெளியேறுவதற்காகவே போட்டவையாம். தம்பியின் கை தானாக மீசைக்குப் போனது. மகள் சிரித்த சிரிப்பில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்தது.

எடுக்கறேன், ஆனா அத்தான் கண் முன்னாடிதான் என்கிறான். சவரக்கத்தியை உங்கள் அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. கடிகாரத்தை மறுபடி அதில் மாட்டக் கூடாது என்று அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எதிர்ச் சுவரில் ஆணி அடிக்கத் தம்பி சுத்தியலோடு வந்தான். நான் விடவில்லை. அந்த ஆணியை நீங்கள் வந்துதான் அடிக்க வேண்டும்.

எல்லா நலமும் உங்களோடு கப்பலிறங்கி வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி