டிரம்மில் ஒட்டிய வேட்டிக்கரை

அனு அப்பாவுக்கு,

நேற்று பெண் பார்க்க வந்தபோது சோபாவில் பையனின் அம்மா, நாற்காலியில் அவர் மாமா. இடமில்லாமல் பையன் குமரகுரு நீங்கள் கச்சேரிக்காரர்களுக்குச் செய்யும் பைபர் டிரம்மில் உட்கார்ந்தார். மாடியில் பழைய டிரம் படங்களை ரசித்துக்கொண்டிருந்த மகராசன் நீங்கள், டிரம்மில் பூசிய ரெசின் பசை காயவில்லை என்று சொல்லியிருக்கலாம். எழுந்ததும் பட்டுவேட்டியின் ஜரிகைக்கரை டிரம்மோடு போய்விட்டது. இறங்கி வந்து, "அந்தக்காலத்து டிரம்முல இப்டிதாம்மா மின்னும்" என்றீர்களே! உங்கள் லுங்கியில்தான் அவர் வீடு போனார்.

"சிரிச்சுக்கினேதான் கட்டினாரும்மா" என்கிறாள் அனு. அவளுக்குச் சம்மதம். அவர்கள் சம்மதம்தான் தெரியவில்லை. புதுவேட்டியோடு செவிலிமேட்டில் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். சோறு குக்கரில்.

பி.கு: கரையைச் சுரண்டாதீர்கள். சம்மதித்தால் கல்யாணத்தில் அந்த டிரம்மைத்தான் வாசிக்கணும்.

இன்னொன்று: இந்தச் சீட்டைப் பார்க்கவில்லை என்பீர்கள். அதனால் உங்கள் ரெசினாலேயே டிரம்மில் ஒட்டிவிட்டேன்.