முகத்துவாரத்து விலாசம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

மீன் வியாபாரத்துக்கு ஃபிரீசர் வாங்க, மேரி அக்கா இன்று எங்கள் வங்கியில் கடன் கேட்டு வந்தார். பழைய கடனில் ஒரு தவணையும் தவறாதவர். ஆனால் முகத்துவாரம் மாதிரி ஏழைப் பகுதி விலாசம் என்றாலே கடன் விண்ணப்பத்தின் ஆபத்துப் புள்ளி கூடிவிடும். அந்த விதியை எழுதியவனே நான்தான். மறுத்துவிட்டேன்.

"தம்பி, நீங்களும் எங்கட தெருப் பிள்ளைதானே?"

மனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்ல, நான் வெள்ளவத்தை," என்றேன். அது வசதியான பகுதியில் இருக்கும் மாமி வீட்டு விலாசம். வேலைக்கு விண்ணப்பித்தபோதும் அதைத்தான் கொடுத்தேன்.

அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

மாலையில் முகத்துவாரம் பஸ்ஸில் ஏறினால், அவர் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "இருங்க தம்பி. அம்மாவுக்கு இருமல் எப்பிடி?" என்றார்.

வீடு வரும்வரை நின்றுகொண்டே வந்தேன்.