நின்ற நேரமும் சேரும்

ஜூலை 14, திங்கள், இரவு.

ஜெனி வீட்டுக்கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஜீப் நாற்பது கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் கடக்கிறது, அதில் இருபது நிமிடம் வழியில் நிற்கிறது, சராசரி வேகம் என்ன என்று கேள்வி. நான் அடுப்படியில் இருந்தேன். அவள் அப்பாவிடம் கேட்டாள்.

"நீங்கதான ஜீப் ஓட்டுறீங்க, சொல்லுங்க. நின்ன நேரத்தையும் சேர்க்கணுமாப்பா?"

நான் அடுப்பைத் தணித்துவிட்டுக் காதுகொடுத்தேன். போன மழையில் ஜெனியின் தம்பிப் பாப்பாவுக்கு மூச்சுத் திணறியபோது இவர்தான் எங்களை ஏற்றிக்கொண்டு மலையிறங்கினார். தேவிகுளம் தாண்டி, இறக்கத்துக்கு முன்னால், சாலையோரச் சிலுவைக் கோயிலான குருசடியில் மெழுகுவத்தி ஏற்றாமல் எங்கள் எஸ்டேட் லயத்து வண்டி எதுவும் போகாது. இவரும் நிறுத்தினார். மழையில் தீக்குச்சி பிடிக்கவே இல்லை; நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி சேருமுன் பிள்ளை போய்விட்டான். முன்னாலேயே வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னதை இவர் நம்பவில்லை. அன்றிலிருந்து குருசடியில் நிறுத்துவதும் இல்லை.

"சேர்க்கணும் பாப்பா."

"அப்ப இருபது."

அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"நிக்காமலே போயிருந்தா எம்புட்டு வரும்?"

"இருபத்திநாலு. நாலுதாம்ப்பா கூடுது."

"நாலுதானா?"

"நம்பலன்னா நீங்களே வகுத்துப் பாருங்க."

பென்சிலை வாங்கிக்கொண்டார். ஜெனி தூங்கிப்போனாள். அவர் இன்னும் வகுத்துக்கொண்டிருக்கிறார். விளக்கை அணைக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.