மலைச்சுவரில் ஒரு வழி

கொல்லங்கோடு
தை 5

அன்புள்ள பிச்சம்மாளுக்கு,

நான் சுகம். உன் கால்வீக்கம் வடிந்ததா? மாமாவுக்கு என் நமஸ்காரம் சொல்.

மதிய வகுப்பில் பையன்கள் தூங்கி வழிகிறார்கள், வேலையை விட்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

திங்களன்று பூகோளப் பாடம். மேற்கு மலை இடைவெளியில்லாத சுவர் என்று நான் சொல்லும்போதே காற்று தேசப்படத்தைப் பிடுங்கி என் தலையில் போட்டது. எப்போதும் தூங்கும் அலியார் எழுந்து, "ஏனுங்க சார், சுவருன்னா இந்தக் காத்து எப்படீங்க வருது?" என்றான். எனக்குத் தெரியவில்லை. "நீங்களே கண்டுபிடித்து வாருங்கள்" என்றேன்.

மறுநாள் ஒருவன் பொள்ளாச்சி வண்டிக்காரர்களை விசாரித்து வந்தான். இன்னொருவன் பனைமரமேறிப் பார்த்து வந்தான். மலை விட்டுப்போன இடத்தைப் படத்தில் கரியால் குறித்தார்கள். மணி அடித்தும் யாரும் எழவில்லை. அந்த வழியாகத்தான் நானும் ரயிலில் வந்தேனாம். தூங்கிவிட்டேன் போல!

காது குளிர்கிறது, கம்பளித் துண்டை அனுப்பு. தபால் போகும் நேரம், முடிக்கிறேன். காற்றில் கதவு தட்டும்போதெல்லாம் நீதானோ என்று எழுந்து போகிறேன். தாழ்ப்பாள் வாங்க மட்டும் இன்னும் மனம் வரவில்லை.

ஆவுடையப்பன்