பம்பரத்துக்குச் சொன்ன கதைகள்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்குச் சிங்கம் தோற்றது. போன வாரம் யானை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வரும் வழியெல்லாம் யோசித்து வைத்த கதை. காட்டில் ஒரு சிங்கத்துக்குப் பல்வலி. தம்பி மகள் பம்பரம் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்டாள். "அத்தை, அந்தச் சிங்கம் சட்டை போடுமா?" போடாது என்றேன். "அப்ப மெஷின் எப்படி வரும்?" வராது என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கதை அவ்வளவுதான்.

அவள் கதையில் துணி துவைக்கும் மெஷின் இருந்தே ஆக வேண்டும். மேலே மூடி திறக்கிற வகை உதவாது. எங்கள் வீட்டில் இருக்கிற மாதிரி முன்னால் வட்டக் கண்ணாடி வைத்தது வேண்டும். கதவு 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஏற வேண்டும், துவைக்க வேண்டும், இரண்டு தடவை அலச வேண்டும், பிழிய வேண்டும், நிற்க வேண்டும். நின்ற பிறகும் கதவு உடனே திறக்காதே, அந்தக் காத்திருப்பும் வர வேண்டும். அதில்தான் தூங்கிப்போவாள்.

வேறு வழியில்லாமல் சிங்கத்துக்கு ஒரு சட்டை மாட்டினேன். சட்டையைச் சேற்றில் புரட்டினேன். உடனே இந்தப் பக்கம் திரும்பினாள். இவள் இப்படி இருப்பதற்கு டாக்டர் ஏதோ பெயர் சொன்னார். எனக்கு அது வேண்டாம். மெஷின் முன்னால் உட்கார்ந்து அதோடு சேர்ந்து தலையைச் சுற்றுகிறவளுக்குப் பம்பரம் என்ற பெயரே போதும்.

மார்ச் 5, வியாழன்

தம்பிக்கு மாற்றல் வந்துவிட்டது. அவனே கேட்டு வாங்கியிருக்கிறான். என்னிடம் இன்றைக்குத்தான் வாயைத் திறக்கிறான்.

"பரீட்சை முடிஞ்சதும் பாப்பாவக் கூட்டிட்டுப் போயிடறேன்க்கா. நீயும் எவ்வளவு நாள்தான் கஷ்டப்படுவ."

நான் கஷ்டப்படுகிறேன் என்று இவனிடம் யார் சொன்னது? பிள்ளையின் அம்மா இறந்தபோது பெட்டியோடும் மெஷினோடும் இந்த வீட்டுக்கு வந்தவன். மூன்று வருஷம். அப்போது அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். மெஷின் கதையில்தான் பேச ஆரம்பித்தாள். அது இவனுக்குத் தெரியுமா? வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று நினைத்திருந்தேன். நன்றாகக் கடித்துவிட்டான்.

மார்ச் 8, ஞாயிறு

தம்பி போன மாதம் கட்டிக்கொண்ட நர்ஸ் வந்திருந்தாள். அவளுக்கு வேலை அந்த ஊரில். அதனால்தான் இந்த மாற்றலே.

குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. செருப்பை ஓரமாக விட்டாள், தட்டைத் தானே கழுவினாள், என்னை வாய் நிறைய "அண்ணி" என்றாள். எரிச்சலாக இருந்தது.

மத்தியானம் பம்பரத்தைத் தூங்க வைக்கிறேன் என்று முயல் கதை சொன்னாள். பம்பரம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நர்ஸ் முகம் சுருங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன, இதை வேறு யார் படிக்கப்போகிறார்கள்?

மார்ச் 12, வியாழன்

மெஷினைப் பார்க்க மெக்கானிக்கை வரச்சொல்லியிருந்தான் தம்பி. மெஷினும் போகிறதாம். பிள்ளை அதில்லாமல் இருக்காது என்கிறான். அது மட்டும் தெரிந்திருக்கிறது.

மெக்கானிக் சொன்னார்: "பின்னாடி நாலு போல்ட் போட்டு டிரம்மை இறுக்கிட்டுத்தான் வண்டில ஏத்தணும். சும்மா ஏத்துனீங்கன்னா உள்ள ஆடி ஆடி எல்லாம் கழண்டுடும். அப்புறம் சுத்தாது." பம்பரம் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

சாயந்திரம் அதையே கதையாக்கினேன். ஒரு மெஷின் வேற ஊருக்குப் போச்சு. போல்ட் போடாம போச்சு. வழியெல்லாம் உள்ளே ஆடிச்சு. புது வீட்டில் வைத்து, கதவு 'டக்' என்று பூட்டி, தண்ணீர் ஏறி —

"அப்புறம்?"

"அப்புறம் சுத்தவே இல்ல."

"அலசல?"

"இல்ல."

வெகுநேரம் கண்ணை மூடாமல் கிடந்தாள். நான் வேண்டுமென்றுதான் சொன்னேன். போகமாட்டேன் என்று அவளாகவே சொல்லட்டுமே.

மார்ச் 13

அந்தக் கதையையே மறுபடி கேட்டாள். சொன்னேன்.

மார்ச் 16, திங்கள்

பள்ளி வேனில் ஏறவில்லை. படியில் ஒரு கால் வைத்தாள், இறங்கிவிட்டாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "உள்ள ஆடுது, உள்ள ஆடுது" என்கிறாள். ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும் என்றார் வேன்காரர். நான் ஆமாம் என்றேன்.

ஆமாம் என்றேன்!

மார்ச் 18, புதன்

ஆட்டோ, பஸ், தம்பியின் பைக் எதிலும் ஏறமாட்டேன் என்கிறாள். சக்கரம் இருக்கிற எதைப் பார்த்தாலும் வாசல் கேட்டைக் கட்டிக்கொள்கிறாள். தம்பி தினமும் தோளில் தூக்கி நடந்தே பள்ளிக்கூடத்தில் விடுகிறான். வீட்டுக்குள் நடக்கும்போதுகூட வயிற்றிலிருந்து கையை எடுப்பதில்லை.

இன்று வேலை விட்டு வந்தவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

"அவளுக்கு அங்க வரப் பிடிக்கல போலக்கா. அதான் இப்படிப் பண்றா. உங்கிட்டயே விட்டுட்டுப் போயிடட்டுமா?"

நான் ஆசைப்பட்டது இதைத்தானே? தட்டில் வைத்து நீட்டுகிறான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பிள்ளை எனக்கு.

மார்ச் 19

வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மார்ச் 21, சனி

பம்பரத்துக்குக் காய்ச்சல். கிளினிக் தூரம். ஆட்டோவைக் கண்டதும் அலறிய அலறலில் தெருவே எட்டிப் பார்த்தது. வெயிலில் நடந்தே போனோம். தம்பி தோளில் அவள், பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நான். பாதி வழியில் குனிந்து என் காதில் கேட்கிறாள்:

"அத்தை, எனக்கு எங்க போல்ட் போடுவாங்க?"

ஐயோ. ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்! மெஷினப் பத்தி இல்ல, தன்னப் பத்திப் பயந்துகிட்டு இருந்திருக்கா புள்ள. ஊருக்குப் போனா உள்ள எல்லாம் கழண்டுடும்னு இத்தன நாளும் வயித்தப் பிடிச்சுகிட்டே நடந்திருக்கா. வேலியே பயிர மேயறதுன்னா இதுதானே? நான் சொன்ன கதை, நான் சொன்ன கதை —

வீட்டுக்கு வந்து தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். ஈரத்துணியை அவள் நெற்றியில் திருப்பிப் போட்டபடி, "ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டான்.

மார்ச் 23, திங்கள்

காய்ச்சல் விட்டது. கதையைத் திருத்தப் பார்த்தேன். அந்த மெஷினுக்கு அப்புறமாகப் போல்ட் போட்டார்கள், சரியாகிவிட்டது, சுற்ற ஆரம்பித்துவிட்டது என்றேன்.

"இல்ல. அது சுத்தல. நீங்கதான் சொன்னீங்க."

"அத்தை தப்பாச் சொல்லிட்டேன்டி."

"இல்ல. சுத்தல."

சிங்கத்துக்குச் சட்டை மாட்டியது கதை முடியும் முன்னால். அதை அவள் ஒத்துக்கொள்வாள். சொல்லி முடித்ததை மாற்றினால் ஒத்துக்கொள்ளமாட்டாள், அவளுக்கு அது நடந்து முடிந்த விஷயம். மூன்று வருஷமாக இவளுக்குக் கதை சொல்கிறேன், இது தெரியாதா எனக்கு? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மார்ச் 28, சனி

மெக்கானிக்கை மறுபடி வரவழைத்தேன். பிள்ளை எதிரிலேயே போல்ட் போட வேண்டும் என்று முன்கூட்டியே கெஞ்சிக் கேட்டிருந்தேன். பாவம், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஸ்பானரை அவள் கையில் கொடுத்துத் தன் கையை மேலே வைத்துத் திருகினார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் டிரம்மை ஆட்டிப் பார்க்கச் சொன்னார். நாலாவது போட்டதும் டிரம் அசையவில்லை.

"எனக்கு?" என்றாள் அவரிடம்.

அவருக்குப் புரியவில்லை. அவளுக்கு என்ன பயம் என்று நான் சொன்னேன். மனுஷன் சிரிக்கவில்லை. வெளியே கூட்டிப்போய்த் தன் வேன் கதவைத் திறந்து, சீட் பெல்ட்டை இழுத்துக் காட்டினார். "உனக்கு இதான். இதை மாட்டிகிட்டா உள்ள ஒண்ணும் ஆடாது." அவள் பெல்ட்டை இழுத்தாள், விட்டாள், இழுத்தாள். வெடுக்கென்று இழுத்தால் அது பிடித்துக்கொள்வதைக் கண்டுபிடித்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். இறங்கும்போது கை வயிற்றில் இல்லை.

போகும்போது சொன்னார்: "பாப்பா, போய்ச் சேர்ந்ததும் மறக்காம போல்ட்டக் கழட்டணும். மாட்டுனபடியே ஓட்டுனா மெஷின் வீடு பூரா குதிக்கும், கெட்டுப்போயிடும்."

"கழட்டணும்," என்று அவரிடம் திருப்பிச் சொன்னாள். 

ஏப்ரல் 4, சனி

போய்விட்டார்கள்.

நானும் கூடப் போய்ப் பத்து நாள் இருந்து பழக்கிவிட்டு வருவதாக ஏற்பாடு. நர்ஸ்தான் கேட்டாள். "நீங்க வந்தாத்தான் அண்ணி சரியா வரும்." கடையில் லீவு சொல்லியிருந்தேன். பையைக்கூடக் காரில் வைத்தாயிற்று. பத்து நாள் முடிந்ததும், இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லமாட்டார்களா என்று ஒரு நப்பாசை.

பம்பரம் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அத்தை எதுக்கு வர்றீங்க?"

"உன்னை ஆடாம அசையாம பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்ல."

யோசித்தாள். "அப்ப போனதும் கழட்டிடணும்."

தம்பி திடுக்கிட்டுத் திரும்பினான். "ஏய், அப்படிச் சொல்லக் கூடாது!" ஆடாமல் பிடித்துக்கொண்டு போகிறவள் என்றால் நான் போல்ட்தானே, பிள்ளை ஏதும் தப்பாகச் சொல்லிவிடவில்லை. நான் எப்படிச் சொல்லிக்கொடுத்தேனோ அப்படித்தானே யோசிக்கும். கடையில் ஆள் இல்லை, ஓனர் கூப்பிடுகிறார் என்று ஏதோ உளறிவிட்டுப் பையை இறக்கிக்கொண்டேன். தம்பி இரண்டு தடவை "வாக்கா" என்றான். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

ஏப்ரல் 5

மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வெள்ளையாக இருக்கிறது. துணியைக் கையால் துவைத்தேன். ஒருத்தி துணிதானே.

ஏப்ரல் 9, வியாழன்

நர்ஸ் போன் பண்ணினாள். குரலே சரியில்லை.

"வந்ததிலேருந்து தூங்கவே மாட்டேங்கறா அண்ணி. மெஷின் கதைதான் சொல்றேன், தப்பு தப்புங்கறா. எப்படிச் சொல்லணும், கொஞ்சம் சொல்லுங்களேன்."

சொன்னேன். முதலில் ஒரு அழுக்குத் துணி வர வேண்டும், யாருடைய அழுக்கு என்று சொல்ல வேண்டும், கதவு பூட்டுகிற சத்தம், தண்ணீர், துவைப்பது, அலசல் இரண்டு, பிழிவது, நிற்பது. அவள் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள்.

கடைசிக் காத்திருப்பைச் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. அதையாவது நான் வைத்துக்கொள்கிறேனே என்று தோன்றியது.

ஏப்ரல் 10, வெள்ளி

கடையில் ஒரு அம்மாவுக்குக் கண்ணாடியின் பவரையே மாற்றி எழுதிவிட்டேன். ஓனர் முறைத்தார். பிள்ளை அங்கே கண்ணை விரித்துக்கொண்டு கிடக்கிறது, எனக்கு இங்கே என்ன பெருமை? சாயந்திரம் நானே போன் பண்ணினேன். நின்றதும் கதவு உடனே திறக்காது, காத்திருக்க வேண்டும், ஒன்றும் பேசாமல் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டே இரு, அதில்தான் தூங்குவாள் என்றேன்.

"நேத்து மறந்துட்டீங்களா அண்ணி?"

"மறந்துட்டேன்."

"பரவால்ல" என்றாள். புரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். நர்ஸ் இல்லையா, எத்தனை பேரைப் பார்த்திருப்பாள்.

ஏப்ரல் 20

பத்து நாளாகப் போன் இல்லை. தூங்குகிறாள் என்று அர்த்தம். நல்லதுதானே. நல்லதுதான். அழுகையாக வருகிறது.

மே 2

தம்பி பேசினான். அங்கே ஏப்ரலிலேயே புது வகுப்பு தொடங்கிவிட்டதாம், வேனில் தானாகவே ஏறிப் போகிறாளாம், புதுப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரோடு பேசுகிறாளாம். என்னைக் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை. அவனாகவும் சொல்லவில்லை.

மே 17, ஞாயிறு

ஒரு வாரமாக ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். கடலுக்கு அடியில் ஒரு சலவைக் கடை, எட்டுக் கைக்காரன் ஒருத்தன் எட்டு மெஷின் ஓட்டுகிறான். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு குணம். இவ்வளவு நல்ல கதை நான் இதுவரை சொன்னதில்லை. லீவுக்கு வந்தால் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

மத்தியானம் நர்ஸின் நம்பரிலிருந்து போன். எடுத்தால் பம்பரம். போனில் பேசவே பிடிக்காதவள்.

"அத்தை, உங்க வீட்டுல லிஃப்ட் இருக்கா?"

"லிஃப்ட்டா? இல்லடி கண்ணு. நம்ம வீட்டுல ஏது லிஃப்ட்?"

"இங்க இருக்கு. ரெண்டு இருக்கு. ஒண்ணுல கதவு ரெண்டு பக்கமும் திறக்கும்." பிறகு மூச்சுவிடாமல் லிஃப்டைப் பற்றியே சொன்னாள். ஏதோ கயிறு என்றாள், எடைக்கல் என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் நர்ஸ் ஏதோ எடுத்துக் கொடுத்தாள், அவளுக்கு அதெல்லாம் தெரிந்திருக்கிறது.

அவள் நிறுத்திய நேரம் பார்த்து, "அத்தை உனக்கு ஒரு புதுக் கதை வச்சிருக்கேன், சொல்லட்டுமா?" என்றேன்.

"அதுல லிஃப்ட் வருமா?"

கடலுக்கு அடியில் லிஃப்ட் விட எவ்வளவு நேரமாகும் எனக்கு? சிங்கத்துக்கே சட்டை மாட்டியவள் நான். ஆனால் லிஃப்டில் எது முதலில் வரும், எது பிறகு வரும், எதில் அவள் தூங்குவாள், எனக்கு என்ன தெரியும்?

"வராதுடா."

"அப்ப வேணாம்." அப்புறம், இதுவரை அவள் சொல்லி நான் கேட்டே இராத ஒன்றை, யாரோ பொறுமையாகப் பழக்கியிருக்கிற ஒன்றைச் சொன்னாள்.

"வச்சிடட்டுமா, அத்தை?"

"வைடா கண்ணு," என்றேன். வைத்தாள்.