சொல்லாமல் விட்ட செபமணிகள்

மடு மாதா துணை
வங்காலை, ஜூலை 14

அன்புள்ள இஞ்சாருங்கோ,

சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம். போனில் தொடங்கினால் இருவருக்கும் கோபம்தான் வரும். அதனால் லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்பும் பீற்றர் அண்ணையிடம் இந்தக் கடிதத்தையும் பாரைக் கருவாட்டையும் கொடுத்து விடுகிறேன். கருவாடு உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

சோளகக் காற்றில் கடல் கொந்தளிப்பதால் மீன்பிடித் தொழில் குறைவு. கொடியில் காய்ந்த றெக்சனின் பள்ளிச் சட்டையைக் கழுதை தின்றுவிட்டது. அவன் அழ, தர்ஷிகா சிரிக்க, வீடு ரெண்டுபட்டது.

போன கிழமை நீங்கள் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. "அம்மான்ர அடக்கத்துக்கு வரேலாமல் போன நாளில இருந்து செபம் வாயிலதான் வந்தது, மனசில இல்லை. இப்ப அதையும் விட்டிட்டன்" என்றீர்கள்.

நம் வீட்டுச் செபமாலையில் ஆளுக்கொரு பத்து மணி அல்லவா? நாலாவது பத்து உங்களுடையது. நீங்கள் போன பிறகு மாமிதான் அதைச் சொல்லி வந்தா. மாமி கண்மூடிய பின் நான் சொல்ல வாயெடுத்தேன். றெக்சன் மறித்தான். "அது அப்பான்ர. நீங்கள் சொல்லாதேங்கோ" என்றான். அன்றிலிருந்து அந்தப் பத்தை யாரும் சொல்வதில்லை. தர்ஷிகா மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ள, மூவரும் பேசாமல் முழங்காலில் இருக்கிறோம்.

முதலில் எனக்கு அடுப்பில் வைத்த சோறுதான் நினைவில் நின்றது. இப்போது அந்த அமைதியில் ஆண்டவருக்காக மனம் ஏங்குகிறது. இத்தனை வருடம் மூச்சுவிடாமல் சொன்ன செபத்தில் இப்படி ஏங்கியதில்லை. நீங்களும் ஏங்குகிறீர்கள். இல்லாவிட்டால் செபத்தை விட்டதைச் சொல்லும்போது உங்கள் குரல் ஏன் உடைந்தது?

போன ஞாயிறு தர்ஷிகா, "அப்பா அங்க தன்ர பத்தைச் சொல்லுறவரோ?" என்று கேட்டாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "இப்ப சொல்லேல்லை. சொல்ல ஆசைப்படுறார்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நான் மணியை மெதுவாத் தள்ளுறன்" என்றாள்.

இங்கே செபமாலை ஏழு மணிக்கு. வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை, அந்த நேரம் சும்மா இருங்கோ. மாதா உங்களைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும்.

ஒவ்வொரு நாளும் சோறு குழைகிறது. இருந்தும் பிள்ளையை அவசரப்படுத்த எனக்கு மனமில்லை.

உங்கள் மனைவி
அகஸ்ரினா